உரிச்ச வயர், உரிக்காத வயர்

பழைய வயரை காயலாங்கடைக்கு எடுத்துட்டுப் போனா கடைக்காரர் முதல்ல பாக்கிறது, உரிச்சதா உரிக்காததான்னுதான். பிளாஸ்டிக்கோட கொடுத்தா ஒரு விலை. உரிச்சு வெறும் செம்பா கொடுத்தா ரொம்ப அதிகம். பிளாஸ்டிக்கோட எடையைக் கழிச்சுப் பாத்தாலும் ரெண்டு விலைக்கும் நடுவுல கொஞ்சம் காசு மிஞ்சும். அது உரிக்கிற வேலைக்கான காசு. இன்னைக்கு எபிசோட் முழுக்க அந்தக் காசைப் பத்தித்தான். ஏன்னா அது நாடு விட்டு நாடு போய்க்கிட்டே இருந்திருக்கு.

செம்பு, பித்தளை, அலுமினியம், துத்தநாகம் மாதிரி இரும்பு அல்லாத உலோகங்களுக்கு அமெரிக்க ஸ்கிராப் வியாபாரிகள் தனி அகராதியே வச்சிருக்காங்க. மினுமினுக்கிற வெறும் காப்பர் வயருக்குப் பேர் ‘பார்லி’. அதுக்கு ஒரு படி கீழே ‘பெர்ரி’. உரிக்காத வயர் ‘ட்ரூயிட்’, மஞ்சள் பித்தளை ‘ஹனி’. தந்தி காலத்துப் பழக்கம் இது. தந்தியில ஒவ்வொரு வார்த்தைக்கும் காசு கொடுக்கணும், அதனால ஒரு பக்க விவரத்தை ஒரே வார்த்தையில சுருக்கிட்டாங்க. அருமையான கம்ப்ரெஷன்! இந்த வியாபாரத்துல, சரக்குல என்ன இருக்குங்கிறதை உறுதியா சொல்றதுக்கே தனி விலை உண்டு.

1960கள்ல அமெரிக்கா ஒரு சிக்கல்ல மாட்டிச்சு. பழைய காரில் பெரும்பகுதி இரும்பு. கூடவே வயரிங்லயும் மோட்டார்லயும் செம்பு இருக்கும். அந்தச் செம்பு எஃகோட சேர்ந்து உருகிட்டா திரும்பப் பிரிக்கிறது நடைமுறையில ஆகாத காரியம். அளவு கூடினா, சூடா உருட்டும்போது எஃகு விரிசல் விடும். தனியா இருந்தா நல்ல காசு. எஃகுக்குள்ள போனா விஷம். ஒவ்வொரு காரையும் கையால பிரிச்சு எடுக்கலாம்தான், ஆனா அமெரிக்காவில கூலி கட்டுப்படியாகல. கார்கள் தெருவோரமும் வயல்வெளியிலயும் கிடந்து துருப்பிடிச்சுது.

இதுக்குப் பதிலா வந்தது ஷ்ரெடர். முழுக் காரையும் கையளவு துண்டுகளா கிழிச்சுப் போடும், காந்தம் இரும்பை இழுத்துக்கும். இரும்புப் பிரச்சினை தீர்ந்தது. மிச்சத்துல ரப்பர், கண்ணாடியோட காந்தத்துல ஒட்டாத உலோகங்களும் கலந்து கிடக்கும். அதுலேருந்து எடுக்கிற, அலுமினியம் அதிகமா உள்ள கலவைக்கு இன்னைக்கு ‘ஸோர்பா’ன்னு பேர். அதைப் பிரிக்க ரொம்ப காலம் மனுஷக் கைதான் வேணும். தூக்கிப் பாத்தா தெரியும், செம்பு அலுமினியத்தைவிட மூணு மடங்குக்கும் மேல கனம். அரத்தால உரசினா சிவப்பா மஞ்சளா வெள்ளையான்னு தெரியும்.

அந்த வேலை கூலி குறைவான தைவானுக்குக் கப்பலேறிச்சு. தெற்கே எர்ரென் ஆற்றங்கரையில வயரைக் குவிச்சு எரிச்சாங்க. உரிக்கிறதைவிட எரிக்கிறது வேகம், பிளாஸ்டிக் புகையாப் போயிடும், செம்பு மட்டும் மிஞ்சும். மின்னணுக் கழிவை அமிலத்தில் ஊறவைத்து, அந்தத் தண்ணியை ஆத்துல விட்டாங்க. 1986ல் ஆறு கடல்ல சேர்ற இடத்துப் பக்கம் வளர்த்த சிப்பிகள் பச்சை நிறமா மாறின. உள்ளே சேர்ந்திருந்தது செம்பு. சிப்பி வளர்த்தவங்களோட பிழைப்பு போச்சு. ஸ்கிராப் பில்லுல அந்த நஷ்டத்துக்கு ஒரு வரி கூட கிடையாது. அந்த வரி இல்லாததாலதான் கணக்கு லாபத்துல நின்னுச்சு.

1990கள்ல தைவான் கதவை மூட, தொழில் சீனாவில் வேர்விட்டது. இங்க ஒரு விஷயம் சொல்லணும். பணக்கார நாடுகள் குப்பையைக் கொட்டினாங்கன்னு மட்டும் சொன்னா அது பாதிக் கதை. சீன வியாபாரிகள் அமெரிக்க யார்டுகளுக்கே போய்க் காசு கொடுத்து வாங்கினாங்க. இன்னைக்குச் சுரங்கத்துல தோண்டுற தாதுவுல செம்பு பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஒரு பழைய மோட்டார் அதைவிட எவ்வளவோ நல்ல சுரங்கம்! பழைய அலுமினியத்தை உருக்க, தாதுவிலேருந்து எடுக்கிறதுக்கு ஆகிற மின்சாரத்துல சுமார் 5 சதவீதம் போதும். போதாக்குறைக்கு, சீனப் பொருள் இறக்கிட்டு வெறுமையா திரும்புற கன்டெய்னர்ல வாடகையும் மலிவு.

கடைசியில சீனாவிலயும் கூலி ஏறிச்சு, ஆறுகள் கெட்டுப்போச்சு. 2018 முடிவுல பழைய மோட்டார், வயர் மாதிரியான கலப்பு ஸ்கிராப்போட இறக்குமதியை அரசு நிறுத்திச்சு. சரக்கு மலேசியா பக்கமும் இந்தியா பக்கமும் திரும்பிச்சு. இப்போ ஸோர்பா நம்ம துறைமுகங்கள்ல இறங்குது, இங்கே உருக்கி வண்டி எஞ்சின் பாகங்களா வார்க்கிறாங்க. எக்ஸ்-ரே வச்சு ஒவ்வொரு துண்டையும் பிரிக்கிற மெஷின் இன்னைக்கு இருக்கு. ஆனா அதை வாங்குறதுக்கு முன்னாடி, ஒரு நாள் கூலிக்கு எத்தனை பேர் கிடைப்பாங்கன்னுதான் முதலாளி பாக்கிறார்.