கோபம் தணிகிற இடம்

(திருத்தணியில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: நெடுந்தொடரில் நெஞ்சில் நிற்பது விறுவிறுப்பா, நிதானமா? ‘நிதானமே’ என்ற அணியில் பேசியது.)

நடுவர் ஐயா அவர்களே! எதிரணியிலே உட்கார்ந்துகொண்டு, இவன் என்ன சொல்லிவிடப் போகிறான் என்று பார்த்துக்கொண்டிருக்கிற அருமைத் தம்பிகளே, தங்கைகளே! சாமி தரிசனம் முடித்து, மலை இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே பந்தலுக்கு வந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே!

எனக்கு முன்னாலே பேசின தம்பி ரொம்ப அழகாப் பேசினாரு. "அமெரிக்காக்காரன் எடுத்த ஜாம்பித் தொடர் ஒண்ணு இருக்கு, ‘தி வாக்கிங் டெட்’னு பேரு. முதல் பருவம் ஆறே பகுதி, பத்திக்கிட்டு எரிஞ்சுது. இரண்டாம் பருவத்திலே எல்லாரையும் ஒரு பண்ணை வீட்டிலே கொண்டுபோய் உட்கார வெச்சான். உட்கார்ந்தவங்க எழுந்திருக்கவே இல்லை. நிதானம் நிதானம்னு தொடரையே கெடுத்துட்டான்" அப்படின்னாரு. நீங்க கைதட்டினீங்க. நானும் தட்டினேன். (சிரிப்பு) பேச்சு நல்லா இருந்தது, தட்டினேன். கணக்குத்தான் தப்பு.

இந்தத் தொடரைப் பார்க்காத தாய்மார்களுக்கு முதல்லே நாலு வரி சொல்லிடறேன். ஒரு நோய் வருது. செத்தவங்க எழுந்து நடக்கிறாங்க. உயிரோட இருக்கிறவங்களைக் கடிக்கிறாங்க. கடிபட்டவனும் செத்து, எழுந்து, கடிக்கக் கிளம்பிடுறான். ஊர், போலீஸ், ஆஸ்பத்திரி, அரசாங்கம் எல்லாம் போச்சு. மிச்சம் மீதி இருக்கிற ஒரு சின்னக் கூட்டம், ரிக் என்கிற போலீஸ்காரர் பின்னாலே உயிரைக் கையிலே பிடிச்சுக்கிட்டு ஓடுது. ராபர்ட் கிர்க்மன் என்பவர் 2003-இல் எழுதத் தொடங்கிய படக்கதை இது. 2010 அக்டோபர் 31-ஆம் தேதி தொலைக்காட்சிக்கு வந்தது. 2022 நவம்பரில் முடியும்போது 11 பருவம், 177 பகுதி. நம்ம ஊர் மெகா தொடர்க் கணக்குக்கு 177 பகுதியிலே மாப்பிள்ளை பார்க்கவே வந்திருக்க மாட்டாங்க. (சிரிப்பு) அவங்க ஊருக்கு அது ரொம்பப் பெரிசு.

தம்பி ‘கெட்டுப்போச்சு’ன்னு சொன்ன இரண்டாம் பருவம், 2011 அக்டோபரிலிருந்து 2012 மார்ச் வரை வந்தது. மொத்தம் 13 பகுதி. தொடரின் முதல் பகுதியை அமெரிக்காவிலே பார்த்தவங்க சுமார் 53 லட்சம் பேர். இரண்டாம் பருவத்தின் கடைசிப் பகுதியைப் பார்த்தவங்க சுமார் 90 லட்சம் பேர். ஊசிப்போன சாம்பாருக்கு யாராவது இரண்டாம் பந்தி உட்காருவாங்களாங்க? (கைதட்டல்)

சரி, கூட்டத்தை மட்டும் வெச்சு ஜெயிக்க நான் வரலை. தேருக்கும் கூட்டம் வரும், தெருச்சண்டைக்கும் கூட்டம் வரும். தம்பி சொன்னதிலே நியாயம் இருக்கு. அந்தப் பருவம் மெதுவாத்தான் போகும். காணாமல்போன ஒரு சிறுமியைத் தேடுறதையே பாதிப் பருவம் வரைக்கும் கொண்டுபோனாங்க. தொடரை உருவாக்கிய ஃபிராங்க் டாரபாண்ட் 2011 ஜூலையிலே, வேலை நடுவிலே இருக்கும்போதே பொறுப்பிலிருந்து போயிட்டாரு. க்ளென் மஸாரா பொறுப்பெடுத்தாரு. கல்யாணச் சமையல்லே பாதியிலே சமையல்காரர் மாறினா உப்பு முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும். ஆனா அந்தப் பந்தியிலேதான் இந்தத் தொடரோட உயிரே பரிமாறப்பட்டதுன்னு நான் சொல்றேன். ஏன்னு சொல்ல, கொஞ்சம் வரலாறு பார்க்கணும்.

ஜாம்பி எங்கே பிறந்தான்? சினிமாவிலே இல்லைங்க. கரும்புத் தோட்டத்திலே பிறந்தான். கரீபியக் கடலிலே ஹைத்தி என்று ஒரு நாடு. பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்திலே, ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைப் பிடித்துக்கொண்டு வந்து அங்கே கரும்பு வெட்ட வைத்தான். அந்த அடிமைகளுக்கு இருந்தது ஒரே ஒரு ஆறுதல். செத்தா இந்தத் தோட்டத்தை விட்டுப் போயிடலாம், மூதாதையர் பூமிக்குப் போய்ச் சேர்ந்திடலாம். அவங்களுக்கு இருந்த பெரிய பயம் என்ன தெரியுங்களா? செத்த பிறகும் விடமாட்டாங்க. உயிரைப் பிடுங்கிட்டு, உடம்பை மட்டும் எழுப்பி, மறுபடியும் வேலை வாங்குவாங்க. அந்தப் பயத்துக்குப் பேர்தான் ஜாம்பி. அந்த ஜாம்பி யாரையும் கடிச்சுத் தின்னலை ஐயா. அவனைத்தான் அடுத்தவன் தின்னான். (பலத்த கைதட்டல்)

கரும்புத் தோட்டத்துக் கண்ணீர் நமக்குத் தெரியாததா? பிஜிக்கும் மொரீஷியஸுக்கும் நம்ம ஜனங்க ஒப்பந்தக் கூலிகளாகப் போய் வெட்டினதும் கரும்புதான். பாரதி நெஞ்சு வெடித்துப் பாடினது அந்தப் பிஜித் தோட்டத்துப் பெண்களை நினைச்சுத்தான். அவ்வளவு தூரம் ஏன்? இதோ பக்கத்திலே திருவாலங்காடு. பேயுருவத்தை ஆண்டவன்கிட்டே கேட்டு வாங்கிக்கொண்ட காரைக்கால் அம்மையார் இருந்து பாடின தலம். எலும்பும் தோலுமாக இருக்கிற உருவத்தை ‘அம்மா’ன்னு கும்பிடுற வட்டாரம் நம்ம வட்டாரம். பேயைப் பார்த்தா ‘ஐயோ, இது யார் பெத்த பிள்ளையோ’ன்னு கேட்கத் தெரிஞ்சவங்க நாம.

அந்த ஹைத்தியிலே 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை இருந்தது. 1929-இல் வில்லியம் சீப்ரூக் எழுதின புத்தகம் ஜாம்பியை அமெரிக்காக்காரனுக்கு அறிமுகம் பண்ணி வெச்சுது. 1932-இல் சினிமா வந்துட்டுது. அப்புறம் 1968. ஜார்ஜ் ரொமேரோ எடுத்த படத்திலேதான், செத்தவங்க கூட்டம் கூட்டமா வந்து மனுஷனைத் தின்னுற கதை வருது. அந்தப் படத்திலே ஒரு கறுப்பின இளைஞன் ராத்திரி முழுக்கப் போராடிப் பிழைக்கிறான். விடிஞ்சதும், காப்பாத்த வந்த கூட்டமே அவனையும் பிணம்னு நினைச்சுச் சுட்டுடுது. தம்பி, கவனியுங்க. இந்தக் கதையோட ஆணிவேர் கடி இல்லை. யார் மனுஷன், யார் பிணம் என்கிற கேள்விதான் ஆணிவேர்.

அந்தக் கேள்வியை ஓடிக்கிட்டே கேட்க முடியுமா? நாய் துரத்தும்போது திருக்குறள் ஞாபகம் வருமா? (சிரிப்பு) நின்னாத்தான் கேட்க முடியும். நிக்க ஒரு இடம் வேணும். அதுக்குத்தானய்யா அந்தப் பண்ணை வீடு!

பண்ணைக்காரர் பேரு ஹெர்ஷல். வயசானவர், கால்நடை வைத்தியர். ரிக்கோட மகன்மேலே ஒரு வேட்டைக்காரன் சுட்ட குண்டு தவறிப் பட்டுட, பையனைத் தூக்கிக்கிட்டு அங்கே ஓடுறாங்க. இன்னொரு பக்கம், கேரல் என்கிற தாயோட ஒரே மகள் சோஃபியா காட்டிலே காணாமப் போயிட்டா. தினமும் தேடுறாங்க. ஹெர்ஷல் வீட்டிலே பூட்டின தொழுவம் ஒண்ணு இருக்கு. உள்ளே யாரு? செத்து எழுந்த அவரோட மனைவி, மனைவியோட மகன், அக்கம்பக்கத்துக்காரங்க. கோழியைப் போட்டுக் காப்பாத்திக்கிட்டு வர்றாரு. ‘இது நோய்தானே, என்னிக்காவது மருந்து வரும்’னு நம்புறாரு. ரிக்கோட சிநேகிதன் ஷேன் ஒரு நாள் ஆத்திரத்திலே பூட்டை உடைச்சுடுறான். வெளியே வரவர ஒவ்வொருத்தரையும் சுட்டுத் தள்ளுறாங்க. எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைக்கும்போது, கடைசியா ஒரு சின்ன உருவம் வெளியே வருது. சோஃபியா.

அதுவரைக்கும் வீரமாச் சுட்டவன் ஒருத்தனுக்கும் கை வரலை. துப்பாக்கி பேச்சை நிறுத்திட்டுது. படக்கதையிலே சோஃபியா சாகவே இல்லைங்க. அதைப் படிச்சவங்களும் எதிர்பார்க்காத அடி அது. தம்பி, ஆறேழு பகுதி அந்தப் பிள்ளையைத் தேடி நம்மையும் அலைய விடலைன்னா, தொழுவத்திலிருந்து வந்தது இன்னொரு பிணமாத்தானே தெரிஞ்சிருக்கும்? தேடின நேரம்தான் அதை நம்ம வீட்டுப் பிள்ளையாக்குச்சு. (கைதட்டல்)

ஒரு சொந்த விஷயம் சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. என் அக்கா வீட்டுக்காரர் காலமான பிறகு ஒரு வருஷத்துக்கு மேலே, அவரோட செல்போனை அக்கா தினமும் ராத்திரி சார்ஜ் போட்டு வைப்பாங்க. மாசா மாசம் ரீசார்ஜ் வேறே. நான் ஒரு நாள் பொறுக்க மாட்டாம, "இனிமே யாருக்கு வரப்போற போன் அக்கா இது?"ன்னு கேட்டுட்டேன். அவங்க பதில் சொல்லாம உள்ளே போயிட்டாங்க. அப்புறம்தான் என் மகனோட உட்கார்ந்து அந்தத் தொழுவக் காட்சியைப் பார்த்தேன். அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. பூட்டை உடைச்ச ஷேன் நான்தான்னு புரிஞ்சுது. மறுநாள் போய், ஒண்ணும் பேசாம அக்கா பக்கத்திலே உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் கழிச்சு அவங்களே அந்தப் போனை எடுத்து, மாமா குரல் பதிவு ஒண்ணைப் போட்டுக் காட்டினாங்க. "கொத்தமல்லி வாங்கணுமா, கட்டு எவ்வளவு பெரிசு வேணும்?" அவ்வளவுதான் பேசியிருக்காரு. ரெண்டு பேரும் அழுதோம். சில மாசம் கழிச்சு அக்கா ரீசார்ஜ் பண்ணுறதை நிறுத்தினாங்க. நான் சொல்லலை. அவங்களுக்கா ஒரு நாள் தோணியிருக்கு. செத்தவங்களை அனுப்பி வைக்கவும் ஒரு நிதானம் வேணுமில்லீங்களா? (நீண்ட கைதட்டல்)

நம்ம தமிழிலே ‘நடைப்பிணம்’னு ஒரு சொல் இருக்கு. செத்து எழுந்து நடக்கிறவனையா அப்படிச் சொல்றோம்? இல்லை. உயிர் இருந்தும் உள்ளே செத்துப்போனவனைச் சொல்றோம். இந்தத் தொடரோட தலைப்பும் அதைத்தான் சொல்லுது. அதுக்குச் சாட்சி, அதே பருவத்தின் 11-ஆம் பகுதி.

ராண்டல்னு ஒரு பையன், எதிர்க் கூட்டத்தைச் சேர்ந்தவன், கைதியா இருக்கான். விட்டா ஆள் கூட்டிக்கிட்டு வந்திடுவான். கொன்னுடலாம்னு முடிவு பண்றாங்க. டேல் என்கிற பெரியவர் ஒரு பகல் அவகாசம் கேட்கிறாரு. ஒவ்வொருத்தரையும் தேடிப்போய், ‘வேண்டாம், நாம அப்படி ஆகக் கூடாது’ன்னு கெஞ்சுறாரு. பொழுது சாய்ந்ததும் எல்லாரும் ஒரே அறையிலே கூடுறாங்க. உலகமே செத்த பிறகு நடந்த பட்டிமன்றம் ஐயா அது! (கைதட்டல்) தலைப்பு என்ன? நாம பிழைக்க அடுத்தவன் உயிரை எடுக்கலாமா, கூடாதா? டேல் தோத்துப்போறாரு. ஆண்ட்ரியா என்கிற பெண் மட்டும் கடைசியிலே அவர் பக்கம் வர்றா. மனசு உடைஞ்சு வெளியே போறாரு. அங்கே ராண்டலுக்கு நேரே துப்பாக்கி நீட்டின ரிக், தன் சின்ன மகனே வந்து நின்னு சுடச் சொல்றதைக் கேட்டதும், அதிர்ந்துபோய்க் கையை இறக்கிடுறான். அதே ராத்திரி வயல்லே டேல் ஒரு நடைப்பிணத்தாலே சாகிறாரு. அவர் வாதம் ஜெயிச்சது அந்தப் பெரியவருக்குத் தெரியவே இல்லை. விறுவிறுப்புக்காரங்க இந்தப் பகுதியைத்தான் ‘பேசிக்கிட்டே இருந்தாங்க’ன்னு குறை சொல்றாங்க! பேச்சு நின்ன இடத்திலேதானே சுடறது ஆரம்பிக்குது?

பேச்சோட அருமையைத் திருத்தணிக்காரங்களுக்கு நான் சொல்லணுமா? 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிஞ்சபோது, சித்தூர் மாவட்டத்தோட இந்த ஊரும் அங்கே போச்சு. ம.பொ.சி.யும் தமிழரசுக் கழகமும் போராடினாங்க, சிறைக்குப் போனாங்க. படாஸ்கர் நடுவராக வந்தாரு. இரண்டு பக்கமும் கேட்டாங்க. 1959-இல் சட்டம் வந்தது. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி தமிழ்நாட்டோட சேர்ந்தது. நம்ம பக்கத்திலிருந்தும் சில கிராமங்கள் அங்கே போச்சு. ஆறரை வருஷம் ஆச்சு. ‘மெதுவாப் போகுது, போரடிக்குது’ன்னு எழுந்து போயிருந்தா என்ன ஆகியிருக்கும்? இன்னிக்கு இந்தப் பந்தலிலே தமிழ் பேசுறவரும் தெலுங்கு பேசுறவரும் ஒரே பெஞ்சிலே உட்கார்ந்து கைதட்டுறீங்களே, அது நிதானத்தோட வெற்றி இல்லையா? (கைதட்டல்)

இரண்டாம் பருவத்தின் கடைசிப் பகுதியிலே ரிக் ஒரு உண்மையைச் சொல்றான். கடிபட்டாத்தான் நடைப்பிணம் ஆகணும்னு இல்லை. அந்த நோய் ஏற்கெனவே எல்லாருக்குள்ளேயும் இருக்கு. வேலி போட்டுத் தப்ப முடியாது. ஏன்னா அது உள்ளே இருக்கு. ஐயா, கோபமும் அப்படித்தானே?

முருகன் சூரனை வதைத்தது திருச்செந்தூர். அந்த ஊர்க் கடற்கரையிலே சூரசம்ஹாரம் பார்க்கக் கூட்டம் நெரியும். இங்கே, திருத்தணியிலே, சூரசம்ஹாரம் நடத்துறது இல்லை. கந்த சஷ்டியிலே பூவாலே அர்ச்சனைதான். காரணம் உங்களுக்குத் தெரியும். போர் முடிஞ்சு, சினம் தணிஞ்சு, அவன் வந்து அமர்ந்த இடம் இது. தணிகை! செந்தூர் விறுவிறுப்பு, தணிகை நிதானம். செந்தூரிலே சண்டை நடந்ததை மறுக்கலை. ஆனா சண்டை போட்டவனுக்கே ஆறி உட்கார ஒரு மலை வேண்டியிருந்ததே! அறுபடை வீட்டிலே இங்கே சண்டை இல்லைங்கிறதுக்காக, இந்த வீட்டை வேண்டாம்னு தள்ளிடுவீங்களா தம்பி? (பலத்த கைதட்டல்)

அந்தத் தொடருக்குப் பண்ணை வீடுதான் தணிகை. மீதி ஒன்பது பருவமும் அவங்க ஓடினாங்க, சுட்டாங்க, ஜெயிச்சாங்க, தோத்தாங்க. ஆனா எதுக்காகப் பிழைச்சிருக்கோம்னு நின்னு யோசிச்சது அங்கேதான். ஆகவே, நெடுந்தொடரில் நெஞ்சில் நிற்பது நிதானமே, நிதானமே என்று தீர்ப்புத் தருமாறு நடுவர் ஐயாவைக் கேட்டுக்கொண்டு, எதிரணித் தம்பிக்கு நாளைக் காலையிலே 365 படியையும் என்கூட மெதுவா ஏறி வரும்படி அழைப்பும் விடுத்து, (சிரிப்பு) அமர்கிறேன்.