மதுவிடுதலையும் மன்றாட்டும்

குடிக்கு அடிமைப்பட்டவனை மீட்கும் வழி யாது? சபதமா, மருந்தா, இறைவனிடம் மன்றாட்டமா? ஐக்கிய அமெரிக்காவிலே ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக இவ்வினா விவாதிக்கப்பட்டு வருகின்றது.

1840 ஆம் ஆண்டிலே போல்ற்றிமோர் நகரத்துக் குடியர் அறுவர் ஒன்றுகூடி, இனி மதுவைத் தீண்டுவதில்லையெனச் சபதம் செய்தனர். வாஷிங்ரன் இயக்கம் என வழங்கிய அது, சமயப் போதனையை முதன்மையாகக் கொள்ளவில்லை. விழுந்தவனை விழுந்தெழுந்தவனே தூக்கிவிடுதல் அதன் முறையாயிற்று. விரைந்து பரவிய அவ்வியக்கம் விரைந்தே தளர்ந்தது.

1935 இலே ஒகையோ மாநிலத்து அக்ரன் நகரிலே, பங்குத் தரகராயிருந்த வில்லியம் வில்சனும் வைத்தியர் றொபேட் சிமித்தும் சந்தித்தனர். இருவரும் குடியினால் நலிந்தவர்கள். இருவரும் பிராங் புக்மன் என்னும் போதகரின் ஒக்ஸ்போட் குழுவோடு தொடர்புற்றவர்கள். அவர்கள் தொடக்கிய பெயர் வெளியிடாக் குடியர் சங்கம், 1939 இலே தன் பன்னிரு படிகளை நூலாக வெளியிட்டது. மதுவின்முன் தாம் வலுவற்றவர் என ஏற்றல் முதற்படி. தம்மினும் மேலானதொரு சக்தியை நம்புதல் அடுத்தது. குற்றங்களை ஒப்புக்கொள்ளல், தீங்கிழைத்தோர்க்கு ஈடுசெய்தல், பிரார்த்தித்தல் என்பன பின்வருவன.

இச்சங்கம் கட்டணம் எதனையும் அறவிடுவதில்லை; அதனால் மீண்டோர் மிகப் பலர். எனினும் கண்டனங்களும் எழுந்தன. ஏற்கெனவே தாழ்வுணர்ச்சியால் வாடும் பெண்ணுக்கு, நீ வலுவற்றவள் என்பது மருந்தாகுமா எனக் கேட்ட ஜீன் கேர்க்பற்றிக், 1975 இலே பெண்களுக்கெனத் தனி அமைப்பை நிறுவினார். 1985 இலே ஜேம்ஸ் கிறிஸ்ரோபர் சமயச் சார்பற்ற அமைப்பொன்றைத் தோற்றுவித்தார்.

கண்டனம் நீதிமன்றத்தையும் எட்டியது. நியூயோர்க் மாநிலச் சிறையொன்றிலே, குடும்பத்தாருடன் தங்கும் சலுகையைப் பெறவேண்டின் பன்னிரு படிகளைத் தழுவிய வகுப்பிற்குச் செல்லவேண்டுமென இறைநம்பிக்கையற்ற கைதியொருவர் பணிக்கப்பட்டார். அது அரசியலமைப்புக்கு முரணானதென அம்மாநில உயர்நிலை நீதிமன்றம் 1996 இலே தீர்ப்பளித்தது. கட்டாயப்படுத்தியது சங்கமன்று, அரசே என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

அறிவியலின் தீர்ப்போ ஒருபக்கம் சாயவில்லை. 1,726 நோயாளரைக் கொண்டு நடத்தப்பட்டு, 1997 இலே முடிவு வெளியான ஆய்வொன்றிலே, பன்னிரு படிகளைத் தழுவிய சிகிச்சையும் ஏனைய இருவகை உளச் சிகிச்சைகளும் பெரும்பாலும் ஒத்த பயனையே தந்தன. 2020 இலே 27 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய அறிஞர்கள், சங்கத்தோடு நோயாளரை இணைக்கும் ஒழுங்கான சிகிச்சை, முற்றாக மதுவை விடுவதற்குச் சிறப்பாகத் துணைபுரிகின்றதெனக் கண்டனர். குடியாத நண்பர்களின் கூட்டுறவும் அப்பயனுக்கு ஒரு காரணமென ஆய்வாளர் கருதுகின்றனர். 1994 இலே அங்கு குடிநோய்க்கென அனுமதிபெற்ற நல்ற்றெக்சோன் போன்ற மருந்துகளும் உள.

ஆதலின் மன்றாட்டம் பிழையன்று. அதுவொன்றே வழியென்பதே பிழை. நம்பிக்கையால் எழுபவன் அவ்வாறே எழுக. ஆனால், எழ இயலாதவனைப் பார்த்து, உன் நம்பிக்கை போதாதென்று பழிசுமத்திக் கதவை அடைத்தல் அறமாகாது. நோயுற்றவனுக்கு வேண்டுவது வேறொரு வாயில்.