வாயிலில் நிறுத்தப்பட்ட கவிஞன்

கவிஞன் என்றதும் பலருடைய மனக்கண்முன் தோன்றுவது யாது? மாடியறை, மங்கிய விளக்கு, கையிலே எழுதுகோல், சுற்றிலும் தனிமை! அந்தத் தனிமையை உதறித் தள்ளி, ஊர் ஊராகச் சென்று, மக்கள் மன்றத்திலே நின்று தன் பாட்டைத் தானே படித்துக் காட்டிய ஒருவரின் வாழ்வை நாம் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம். அவர்தாம் அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ்.

1925ஆம் ஆண்டு. வாஷிங்டன் நகரிலே வார்ட்மன் பார்க் என்றோர் ஓட்டல். இருபதுகளில் இருந்த ஹியூஸ் அங்கே எச்சில் தட்டெடுக்கும் வேலை பார்த்து வந்தார். அக்காலத்தில் புகழ் பெற்றிருந்த வெள்ளைக் கவிஞர் வேச்சல் லிண்ட்சே, அந்த ஓட்டல் அரங்கிலே கவிதை படிக்க வந்தார். கேட்க வேண்டுமென்ற ஆவல் ஹியூசுக்கு. ஆனால் கறுப்பருக்கு அரங்கில் இடமில்லை. தட்டெடுக்க உள்ளே வரலாம்; பாட்டுக் கேட்க வரக்கூடாது! உணவருந்திக்கொண்டிருந்த லிண்ட்சேயின் தட்டருகே தம் கவிதைகள் மூன்றை வைத்துவிட்டு, பேச நாவெழாமல் அகன்றார் இளைஞர். அன்றிரவு அந்த மூன்றையும் லிண்ட்சே அவையோர்முன் படித்தார். மறுநாள் செய்தியாளர் வந்து சூழ்ந்தனர். பாட்டு அரங்கேறிற்று, பாடியவனோ வாயிலுக்கு வெளியே!

முன்னரே வெளியீட்டுக்கு ஏற்கப்பட்டிருந்த அவரது முதல் தொகுதி 1926இல் நியூயார்க்கில் வெளிவந்தது. நூல் வெளிவந்தால் போதுமா? யாருக்காக எழுதினாரோ அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டாமா? தென் மாநிலங்களில் வாழும் நம் மக்களிடம் செல்லுங்கள் என்று 1931இல் அவருக்கு ஊக்கமூட்டினார், கல்வித்தொண்டு புரிந்த மேரி மெக்லவுட் பெத்யூன் அம்மையார். ரோசன்வால்டு அறநிதி 1,000 டாலர் வழங்கிற்று. போர்டு கார் ஒன்று வாங்கினார். ஓட்டத் தெரியாது, கல்லூரித் தோழர் ஓட்டினார். பள்ளி, கல்லூரி, மாதா கோயில் என்று கிடைத்த இடமெல்லாம் மேடையாயிற்று. வண்டி நிறைய நூல்கள்: ஒரு டாலருக்கு மலிவுப் பதிப்பு, அதுவும் இயலாதவருக்கு 25 சென்டுக்குச் சிறு வெளியீடு. தம் இனத்திலே பிறந்த கவிஞர் ஒருவர் எதிரே நின்று படிக்கக் கேட்ட மாணவனின் நெஞ்சு எப்படி நிமிர்ந்திருக்கும்! நாள்தோறும் வகுப்பறையில் நிற்கும் நம்மால் அதை உணர முடிகிறது.

அதே ஆண்டு நவம்பரில் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் படிக்கச் சென்றபோது புயல் கிளம்பிற்று. ஏசுவைத் தென் மாநிலத்துக் கறுப்பராக, அடிபடும் ஏழையாகக் காட்டிய அவரது கவிதை அப்போதுதான் அங்கே ஓர் ஏட்டில் வெளிவந்திருந்தது. வெள்ளை ஆதிக்கம் கொதித்தது. எனினும் கூட்டம் நடந்தது. 1932 ஜனவரியில் அலபாமாவின் கில்பி சிறைக்குள்ளும் சென்றார். பொய்க் குற்றச்சாட்டில் மரண தண்டனை பெற்றுக் கிடந்த ஸ்காட்ஸ்பரோ இளைஞர்கள் முன் கவிதை படித்தார். கம்பிக்குப் பின்னே கிடந்தவர்களும் அவருக்கு அவையோரே!

ஆனால் வரலாறு கூறுவோர் புகழ் மட்டும் பாடலாகாது. 1940 நவம்பரில், தன்வரலாற்று நூல் வெளிவந்த சில திங்களில், கலிபோர்னியாவின் பாசடீனா நகர் ஓட்டலில் நூலாசிரியர் விருந்து ஏற்பாடாயிற்று. மதப் பிரசாரகி அமீ செம்பிள் மெக்பெர்சனின் அடியார்கள் ஒலிபெருக்கி வண்டியோடு வந்து மறியல் செய்தனர். ஏன்? மத வணிகத்தைச் சாடி 1932இல் அவர் எழுதிய ஒரு கவிதைக்காக! அவர் பேசாமலே திரும்பினார். 1941இல் அந்தக் கவிதையைத் தாமே கைவிட்டார். 1953 மார்ச்சில் மெக்கார்த்தியின் விசாரணைக் குழுமுன் நிறுத்தப்பட்டபோதும் தம் பழைய எழுத்துக்களிலிருந்து விலகிப் பேசினார்.

பகுத்தறிவு பேசும் நாம் இதை மறைக்கலாமா? கூடாது. அது சறுக்கலே. ஆயினும் காரணம் காண வேண்டும். மேடை வருவாயை நம்பி வாழும் கவிஞனை அடக்கச் சிறை வேண்டியதில்லை. அரங்கக் கதவைச் சாத்தினாலே போதும்! 1925இல் நிறவெறி சாத்திய கதவை, 1940இல் மதவெறி சாத்திற்று. எனினும் தோழர் எவர் பெயரையும் அவர் காட்டிக் கொடுக்கவில்லை; மேடையையும் துறக்கவில்லை. 1958இல் சார்லஸ் மிங்கசின் ஜாஸ் இசையோடு தம் கவிதைகளைப் படித்து இசைத்தட்டு வெளியிட்டார்.

மாற்று வழியையும் அவரே காட்டியிருந்தார். 1938இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், எளிய மக்கள் வந்து காணும் நாடக மன்றமொன்றை நிறுவினார். அவரது நாடகம் நூறு முறைக்கு மேல் அங்கே நடைபெற்றது. கதவு நம்முடையதானால் சாத்துவோர் யார்?

1967இல் ஹியூஸ் மறைந்தார். 1991இல் அவரது சாம்பல் ஹார்லெமின் ஷோம்பர்க் ஆய்வு நூலகத்தில், ஆறுகள் ஓடுவதுபோல் வரைந்த தரைக்கடியில் வைக்கப்பட்டது. மாயா ஏஞ்சலோவும் அமிரி பராக்காவும் அந்தத் தரைமீதே நடனமாடினர். அதற்கு அருகிலுள்ள அரங்கம் அவர் பெயரையே தாங்குகிறது.

அரங்கிற்குள் வராதே என்று நிறுத்தப்பட்டவர், இன்று ஓர் அரங்கின் வாயிலிலேயே துயில்கிறார். அவரைத் தாண்டி உள்ளே செல்வோரை நிறம் கேட்டு நிறுத்துவார் எவருமில்லை. இளைஞர்களே, கவிதை படைப்பது ஒரு பணி. அதைக் கேட்க எல்லோருக்கும் கதவு திறப்பது மற்றொரு பணி. பின்னதுதான் நம் தோள்மேல் இருக்கிறது.