கறுப்புப் பொட்டு வைத்த டிவி கேம்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய மிக்ஸிக்கும் கழற்றிப் போட்ட செல்போன்களுக்கும் நடுவே எப்போதாவது ஒரு மஞ்சள் கேம் கேசட் கண்ணில் படும். மேலே '64 இன் 1' என்று ஸ்டிக்கர். தொண்ணூறுகளில் தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கம் வளர்ந்தவர்களுக்கு அதைப் பார்த்ததுமே கான்ட்ரா, மாரியோ, ரோடு ஃபைட்டர், சர்க்கஸ் சார்லி என்று வரிசையாக ஞாபகம் வரும். இந்த கேம்கள் எல்லாம் ஜப்பானில் பிறந்தவை. நாம் ஆடிய பெட்டிக்குப் பிறந்த வீடு வேறு. ரெட்ரோ கேம் பற்றிய பேச்சில் அந்தப் பெட்டிக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

மூலப்பெட்டியின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். நின்டெண்டோவின் மசாயுகி உவேமுரா வடிவமைத்த ஃபேமிகாம், 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் 14,800 யென்னுக்கு விற்பனைக்கு வந்தது. சிப் செய்தது ரிக்கோ நிறுவனம். பெட்டியின் வேலை நினைவகம் இரண்டே கிலோபைட். 1985-இல் வந்த சூப்பர் மாரியோ மொத்தமும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இடம் போதாததால் மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படத்தை வைத்து நிறத்தை மட்டும் மாற்றினார்கள்.

நின்டெண்டோவின் பெட்டி சாமுராய் என்ற பெயரில் முறையான உரிமத்தோடு இந்தியாவிலும் விற்கப்பட்டது. ஆனால் நம் பக்கத்து வீடுகளுக்கு வந்து சேர்ந்தவை பெரும்பாலும் தைவான் வழி வந்த நகல்கள். அங்கே யுஎம்சி என்ற சிப் நிறுவனம் ரிக்கோவின் சிப்களை அப்படியே நகலெடுத்தது. இங்கேதான் கதை சுவாரசியமாகிறது. ஜப்பானிய டிவி என்டிஎஸ்சி முறை, நொடிக்கு 60 படம். 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி நம் நாட்டுக்கு வந்த கலர் டிவியோ பால் முறை, நொடிக்கு 50 படம். ஜப்பான் பெட்டியை அப்படியே கொண்டுவந்து செருகினால் நம் டிவியில் ஒழுங்காகத் தெரியாது.

நின்டெண்டோவும் ஐரோப்பாவுக்காக ஒரு பால் பெட்டி செய்தது. அதில் சிப்பின் ஓட்டம் 1.79 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1.66 ஆகக் குறைந்தது. நேர அளவும் மாறியதால் ஜப்பானிய கேம்கள் பல அதில் தடுமாறின. யுஎம்சி பொறியாளர்கள் வேறு வழி கண்டார்கள். பால் படத்தில் 312 கோடுகள், என்டிஎஸ்சியில் 262. கூடுதலாக உள்ள 50 கோடுகளையும் படத்துக்குக் கீழே தள்ளி, அந்த நேரத்தில் படச் சிப் சும்மா நிற்கும்படி செய்தார்கள். அது நிற்பது கேமுக்குத் தெரியாது. சிப்பின் ஓட்டமும் 1.77-இல் நின்றதால் ஒலியின் சுருதி மூலத்தை ஒட்டியே இருந்தது. ஜப்பானிய கேசட்டைப் பொறுத்தவரை, நின்டெண்டோவின் சொந்த பால் பெட்டியைவிட இந்த நகல் நம்பகமானது. நகல் என்ற ஒரே காரணத்துக்காக இந்த வேலையைத் திறமையின் கணக்கில் சேர்க்காமல் விடுவது நியாயமில்லை என்றுதான் நினைக்கிறேன்.

மாறியது ஒன்றே ஒன்று: வேகம். நொடிக்கு 60 படம் என்று கணக்குப் போட்டு எழுதிய கேம் 50 படத்தில் ஓடினால் ஆறில் ஒரு பங்கு மெதுவாகும். மாரியோவின் முதல் கட்டத்தில் கடிகாரம் 400-இல் தொடங்கும். ஒவ்வோர் எண்ணும் 24 படத்துக்கு ஒருமுறை குறையும். ஜப்பானில் அது தீர 160 நொடி, இங்கே 192 நொடி. ஐரோப்பாவுக்கு மாரியோவை அனுப்பியபோது நின்டெண்டோ வேகத்தைத் திருத்தி அனுப்பியது. நமக்கு வந்தது திருத்தாத ஜப்பான் பிரதி. கான்ட்ராவின் குண்டுகள் நிதானமாக வந்தன, இசை சற்று இழுத்துப் பாடியது. அதுதான் கான்ட்ரா என்று நாம் நினைத்தோம். இந்த வேகத்தில்தான் அதை மனப்பாடம் செய்தோம்.

பிறகு எல்லாச் சிப்களும் ஒரே சிப்பாகச் சுருங்கின. உறை போடக்கூட செலவு செய்யாமல் பலகையில் நேராக ஒட்டி, மேலே கறுப்புப் பிசின் ஊற்றினார்கள். பெட்டியைத் திறந்தால் பலகையின் நடுவே பொட்டு வைத்த மாதிரி இருக்கும். விலை சரிந்ததற்கு அந்தப் பொட்டுதான் காரணம். பல கேசட்டுகளுக்குள்ளும் அதே பொட்டுதான். '64 இன் 1' என்பதில் பாதி ஏமாற்று: அதே கேம் வேறு கட்டத்திலிருந்து, வேறு துப்பாக்கியோடு தொடங்கும். ஆனாலும் கடைசிக் கட்டங்களை நம்மில் பலர் முதன்முதலில் பார்த்தது அந்த ஏமாற்றின் தயவில்தான்.

2006 செப்டம்பர் 15-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச கலர் டிவித் திட்டம் 14 இஞ்ச் படக்குழாய் டிவியை லட்சக்கணக்கான வீடுகளில் வைத்தது. டிவி கேமோடு வரும் வாத்துச் சுடும் துப்பாக்கி படக்குழாய் இருந்தால்தான் வேலை செய்யும். விசையை அழுத்தினால் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கியின் முனையில் உள்ள ஒளி உணரி அதைப் பிடிக்க வேண்டும். எல்சிடி திரை படத்தைக் காட்ட எடுத்துக்கொள்ளும் சிறு தாமதத்திலேயே கணக்குத் தவறிவிடும். அந்த டிவிகள் காயலான் கடைக்குப் போகப் போக, துப்பாக்கிகளும் ஊமையாகிக்கொண்டிருக்கின்றன.

இன்று ரெட்ரோ என்ற பெயரில் விற்பது வேறு. 2016-இல் நின்டெண்டோ விட்ட குட்டிப் பெட்டி ஐரோப்பாவிலும் 60 படத்தில்தான் ஓடியது. 2014-இல் வந்த ஷவல் நைட் போன்ற புதிய கேம்கள் அந்தக் காலத்துப் புள்ளிப் படத்தை அகலத் திரைக்கு அழகாகக் கொண்டுவந்தன. எனக்கு அதை மிகவும் பிடிக்கும். ஆனால் அந்தக் கைவண்ணத்துக்கு முன்மாதிரி ஜப்பானும் அமெரிக்காவும் பார்த்த திரை. நம் திரையின் வேகத்தைப் பத்திரப்படுத்தியவர்கள் ரஷ்யர்கள். இதே தைவான் பெட்டி 1992-இல் அங்கே டென்டி என்ற பெயரில் விற்றது. அதன் ரசிகர்கள் விடாமல் ஆராய்ந்ததன் பலனாக மெசன் போன்ற எமுலேட்டர்களில் என்டிஎஸ்சி, பால் தவிர டென்டி என்று மூன்றாவது தேர்வும் இருக்கிறது. கான்ட்ராவை அதில் ஓட்டிப் பாருங்கள், பழைய இழுவை கேட்கும்.

பரணில் பெட்டி கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். பின்பக்கத் திருகுகளைக் கழற்றிப் பாருங்கள். யுஏ6527பி, யுஏ6538 என்று எண் பொறித்த இரண்டு சிப்கள் இருந்தால் அது பழைய வார்ப்பு, கறுப்புப் பொட்டு மட்டும் இருந்தால் பிந்தையது. இரண்டையும் படம் எடுத்து, எந்த ஊரில் எந்த ஆண்டு வாங்கியது என்று எழுதி வையுங்கள்.