நூற்றவளின் பெயர்

எஸ், டி, இ, ஆர் என்ற நான்கு எழுத்துகளில் முடியும் ஆங்கிலச் சொற்கள் நம் காதில் நாள்தோறும் விழுகின்றன: சிஸ்டர், மாஸ்டர், மினிஸ்டர், மான்ஸ்டர், கேங்ஸ்டர், ஸ்பின்ஸ்டர். ஆங்கில மொழி வரலாற்றை மாணவிகளுக்கு நடத்தும்போது இந்தப் பட்டியலைக் கரும்பலகையில் எழுதி, இவற்றில் எவை ஒன்றுக்கொன்று உறவு என்று கேட்பது என் வழக்கம். பார்வைக்கு எல்லாம் ஒரு வீட்டுப் பிள்ளைகள் போலத்தான் இருக்கும். பிறந்த இடம்தான் வேறு வேறு.

சிஸ்டர் பழைய ஜெர்மானியச் சொல். சமஸ்கிருதத்தின் ஸ்வஸ்ருவுக்குத் தூரத்து உறவு. மாஸ்டரும் மினிஸ்டரும் லத்தீனிலிருந்து வந்தவை. மாஸ்டருக்குள் ‘கூடுதல்’ என்ற பொருள் இருக்கிறது, மினிஸ்டருக்குள் ‘குறைவு’. முன்னவர் மேலே இருப்பவர், பின்னவர் பணியாள். மான்ஸ்டர், ‘எச்சரி’ என்னும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. முதலில் தீய நிமித்தத்தைக் குறித்தது. இந்த நான்கையும் ஒதுக்கிவிட்டால் மிஞ்சுபவை கேங்ஸ்டரும் ஸ்பின்ஸ்டரும். துப்பாக்கி ஏந்திய ரவுடியும் மணமாகாத பெண்ணும்தான் உண்மையில் உறவுக்காரர்கள். இதைச் சொன்னதும் வகுப்பில் சிரிப்பு எழும். அந்த உறவின் வரலாறு அவ்வளவு சிரிப்பானதல்ல.

பழைய ஆங்கிலத்தில், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், ஒரு தொழிலைச் செய்பவரைக் குறிக்க இரண்டு விகுதிகள் இருந்தன. ஆணுக்கு ‘எரெ’, பெண்ணுக்கு ‘எஸ்ட்ரெ’. ரொட்டி சுடும் ஆண் பாக்கெரெ, ரொட்டி சுடும் பெண் பாக்கெஸ்ட்ரெ. பாடுபவள் சாங்கெஸ்ட்ரெ, தைப்பவள் சேமெஸ்ட்ரெ, நெய்பவள் வெப்பெஸ்ட்ரெ, மதுவை வார்த்து விற்பவள் தாப்பெஸ்ட்ரெ. அந்த ‘எஸ்ட்ரெ’ தேய்ந்துதான் இன்றைய ‘ஸ்டர்’ ஆனது. அக்காலத்திலேயே சில இடங்களில் இந்த விகுதி ஆணுக்கும் வந்திருக்கிறது. ஆனாலும் அதன் அடிப்படை இயல்பு பெண்பால்தான். பெண்ணை இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி என்று சொல்லாமல், அவள் கை செய்த வேலையால் அழைத்த விகுதி அது.

இந்தப் பெயர்களுக்குப் பின்னால் என்ன நடந்தது? ஏல் எனப்படும் பார்லி மதுவை எடுத்துக்கொள்வோம். இடைக்கால இங்கிலாந்தில் சாதாரண மக்கள் அன்றாடம் குடித்த பானம் அது. சில நாட்களிலேயே புளித்துக் கெட்டுவிடும் என்பதால், சிறிய அளவில் அடிக்கடி காய்ச்ச வேண்டும். வீட்டுப் பாத்திரங்களே போதும். பெண்கள் வீட்டுத் தேவைக்குக் காய்ச்சி, மீந்ததை அக்கம்பக்கத்தில் விற்றார்கள். அவர்களுக்குப் பெயர் புரூஸ்டர். வரலாற்றாசிரியர் ஜூடித் பென்னெட் 1996இல் வெளியிட்ட நூலில் 1300 முதல் 1600 வரையிலான இந்தப் பெண்களின் கதையைப் பதிவேடுகளிலிருந்து திரட்டித் தந்திருக்கிறார். 1348-49இன் பெருங்கொள்ளைநோய்க்குப் பிறகு மதுத் தொழில் பெரிதாகத் தொடங்கியது. கடல் கடந்து, ஹாப்ஸ் பூ சேர்த்த பீர் வந்தது. அது நாள்பட நிற்கும். தூரத்துச் சந்தைக்கும் அனுப்பலாம். ஆனால் பெரிய கொப்பரைகள் வேண்டும், முதல் வேண்டும், கடன் வாங்கும் உரிமை வேண்டும். அந்த முதலும் உரிமையும் பெரும்பாலும் ஆண்களிடம் இருந்தன. 1600 வாக்கில் லாபம் தரும் மதுத் தொழில் ஆண்களின் கைக்குப் போய்விட்டது.

தொழில் கைமாறியபோது விகுதியும் நிலைமாறியது. புரூஸ்டர், பாக்ஸ்டர், வெப்ஸ்டர் என்பவை குடும்பப் பெயர்களாகித் தந்தையிடமிருந்து மகனுக்குப் போயின. 1828இல் புகழ்பெற்ற அமெரிக்க ஆங்கில அகராதியை வெளியிட்ட நோவா வெப்ஸ்டரின் பெயரில் இருப்பவள் ஒரு நெசவுக்காரி. ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் தேடி எத்தனையோ பேர் வெப்ஸ்டரைப் புரட்டுகிறோம். அட்டையில் அவள் இருப்பதைக் கவனிப்பதில்லை. ‘ஸ்டர்’ பெண்ணைக் குறித்தது என்பதே மறந்துபோன பிறகு, தையல்காரியைச் சொல்ல பிரெஞ்சிலிருந்து வந்த ‘எஸ்’ விகுதியையும் சேர்த்து சீம்ஸ்ட்ரெஸ் என்றார்கள். ஒரே சொல்லில் இரண்டு பெண்பால் விகுதிகள். பழைய விகுதியோ யாருக்கு வேண்டுமானாலும் ஒட்டும் வாலாகிவிட்டது. டிரிக்ஸ்டர், கேங்ஸ்டர் எல்லாம் அப்படி வந்தவைதான்.

இத்தனை மாற்றத்திலும் பெண்ணை விட்டு விலகாத சொல் ஸ்பின்ஸ்டர். ஸ்பின் என்றால் நூற்றல், ஸ்பின்ஸ்டர் நூற்பவள். 14ஆம் நூற்றாண்டிலிருந்து எழுத்தில் கிடைக்கும் சொல் இது. ஒரு தறிக்கு வேண்டிய நூலைத் தரப் பலர் நூற்க வேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொண்டே, அடுப்பைக் கவனித்துக்கொண்டே நூற்கலாம் என்பதால் அந்த வேலை பெண்களிடமே இருந்தது. கூலியும் குறைவு. கூலி குறைவான இடத்தில் ஆண்கள் போட்டிக்கு வரவில்லை. சொல்லும் பெண்ணிடமே தங்கிவிட்டது.

பிறகு சட்டம் அதைக் கையில் எடுத்தது. இங்கிலாந்தின் பொதுச் சட்டப்படி, மணமான பெண்ணுக்குக் கணவனிடமிருந்து தனியான சட்ட அடையாளம் இல்லை. ஆவணங்களில் அவள் இன்னாரின் மனைவி; கணவன் இறந்தால் இன்னாரின் விதவை. தன் தொழிற்பெயரோடு ஆவணத்தில் நிற்கக்கூடியவள் மணமாகாதவள்தான். 17ஆம் நூற்றாண்டில் ஸ்பின்ஸ்டர் என்பதே மணமாகாத பெண்ணைக் குறிக்கும் சட்டச் சொல்லாகிவிட்டது. அவள் நூற்றாலும் நூற்காவிட்டாலும் ஸ்பின்ஸ்டர்தான். அடுத்த நூற்றாண்டில் அது வயது கடந்தும் மணமாகாதவள் என்ற ஏளனமாகவும் ஆகியிருந்தது.

அதன் ஆண் இணை பேச்சுலர். அந்தச் சொல் இளம் வீரனைக் குறித்தது. பிறகு முதற்பட்டம் பெற்றவனையும் மணமாகாத ஆணையும் குறித்தது. அதில் ஏளனம் ஒட்டவில்லை. என் மாணவிகள் மூன்றாண்டு படித்து வாங்குவது பேச்சுலர் பட்டம். ஸ்பின்ஸ்டர் பட்டம் என்று ஒன்றை யாரும் கற்பனைகூடச் செய்வதில்லை. இங்கிலாந்திலும் வேல்சிலும் திருமணப் பதிவேடுகளிலிருந்து இந்த இரு சொற்களும் 2005இல்தான் நீங்கின. இப்போது இருவருக்கும் ‘சிங்கிள்’ என்றே எழுதுகிறார்கள்.

ஆங்கிலேயர் இந்தச் சொல்லை நம் சட்டத்துக்குள்ளும் கொண்டுவந்தார்கள். 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டத்தின் மாதிரிப் படிவத்தில் மணமகன் மனைவியை இழந்த தச்சர், மணமகள் ஸ்பின்ஸ்டர். ஆணின் தொழில் தொழிலாகவே நிற்கிறது. பெண்ணின் தொழிற்பெயரோ அவளுக்குத் திருமணம் ஆகவில்லை என்ற தகவலாகச் சுருங்கிவிட்டது. தமிழில் அதை முதிர்கன்னி என்று பெயர்த்தபோது, மிச்சமிருந்த ராட்டையும் காணாமல் போனது.

நூற்புக்கும் துணையற்ற பெண்ணுக்கும் உள்ள தொடர்பு நமக்கும் புதிதல்ல. நற்றிணையின் 353ஆம் பாட்டில் கபிலர் மலைமேல் தவழும் மேகத்துக்கு ஓர் உவமை சொல்கிறார்: கணவன் இல்லாத பெண்கள் தம் முயற்சியால் செய்த நுண்ணிய பஞ்சுநூல். அங்கே ஏளனம் இல்லை. அவள் துணையற்றவள் என்பதோடு, அவள் உழைத்தாள் என்பதும் அது நேர்த்தியான வேலை என்பதும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. ஸ்பின்ஸ்டர் என்ற சொல் இழந்தது இந்த இரண்டாவது பாதியைத்தான்.

நாமும் இழக்காமல் இல்லை. மருத்துவச்சி என்ற சொல்லைப் பாருங்கள். மருத்துவம் செய்பவள் என்பதே அதன் நேர்ப்பொருள். இன்று அது ஊரில் பேறுகாலம் பார்க்கும் மூதாட்டியை மட்டுமே குறிக்கிறது. எம்.பி.பி.எஸ். படித்த பெண்ணை மருத்துவச்சி என்று அழைத்தால் அவருக்கே கோபம் வரும், அவர் மருத்துவர். மதிப்பும் வருமானமும் உள்ள இடத்தில் பொதுச்சொல், அவை குறைந்த இடத்தில் பெண்பால் சொல். இங்கிலாந்தில் ‘ஸ்டர்’ நடந்த வழியும் இதுதான்.

சொல்லின் வேரைத் தோண்டினால் இழந்த கூலி திரும்பி வராது. ஆனால் ஒரு விண்ணப்பத்தில் தொழில் என்ற கட்டத்துக்கு வரும்போது கொஞ்சம் நின்று யோசிக்கலாம். மாடு கறந்து, நாற்று நட்டு, பீடி சுற்றி, இட்லி விற்றுக் குடும்பத்தைக் காத்த அம்மாவுக்கு அந்த இடத்தில் ‘இல்லத்தரசி’ என்று நாம்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம். அவர் செய்த வேலைக்குப் பெயர் இருக்கிறது. அதை எழுதுவோம்.