முன்மொழிந்தவர் யார்? பூநகரி முஸ்லிம் பெண்களும் சங்கப் பதவிகளும்

வன்னியில் எந்த மாதர் சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்குப் போனாலும், 'புதிய நிர்வாகத் தெரிவு' என்ற இடம் வந்ததும் சபை முழுக்கத் தலையைக் குனிந்துகொள்ளும். "தலைவி பதவிக்கு ஆரையாவது முன்மொழியுங்கோ" என்று உத்தியோகத்தர் இரண்டு தரம் கேட்பார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்: "போன முறை இருந்த ராத்தாவே இருக்கட்டும்." "நான் வழிமொழியிறன்" என்று பக்கத்திலிருந்து இன்னொரு குரல். அரை நிமிடத்தில் காரியம் முடிந்துவிடும். அந்த ராத்தாவிடம் முன்கூட்டியே ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். அவ வேண்டாமென்று சொன்னாலும் அது அடக்கத்தில் சொன்ன பேச்சாகத்தான் எடுக்கப்படும்.

இந்த அரை நிமிடத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. பூநகரிப் பிரதேசத்து முஸ்லிம் பெண்களை மனதில் வைத்து அதைக் கொஞ்சம் தேடிப் பார்த்தேன்.

பூநகரி என்றதும் பலருக்கு மொட்டைக்கறுப்பன் அரிசியும், ஒல்லாந்தர் காலத்துக் கோட்டையும், 1993 நவம்பர் சமரும், 2011 ஜனவரியில் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலமும் நினைவுக்கு வரும். அந்தப் பிரதேசத்தின் தென்மேற்குக் கரையில் நாச்சிக்குடா இருக்கிறது என்பதும், அங்கே கடலை நம்பி வாழ்ந்த முஸ்லிம் குடும்பங்கள் இருந்தன, இப்போதும் இருக்கின்றன என்பதும் நமது வாசகர்களிலேயே எத்தனை பேருக்குத் தெரியும் என்று சொல்ல முடியாது. யாழ்ப்பாணச் சோனகத் தெருவைப் பற்றியும் மன்னார் எருக்கலம்பிட்டியைப் பற்றியும் எழுதப்பட்டதில் பத்தில் ஒரு பங்குகூட இந்தக் கரையைப் பற்றி எழுதப்படவில்லை. ஆண்கள் தோணியில் போவார்கள். வலை கரைக்கு வந்தபின் நண்டு கழற்றுவது, மீனைக் கீறிக் கருவாடு போடுவது, கடன் கணக்கை மனதில் வைத்திருப்பது எல்லாம் பெண்களின் பாடு.

1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது கிளிநொச்சி மாவட்டத்து முஸ்லிம்களும் போனார்கள். பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்த இடம் புத்தளம். கையில் எடுக்க விட்ட பொருட்கள் மிகக் கொஞ்சம். வீட்டுப் பத்திரத்தையே விட்டுவிட்டு வந்தவர்கள் சங்கத்து மினிட்ஸ் புத்தகத்தையா தூக்கிக்கொண்டு வருவார்கள்? அதனால்தான் இந்த விஷயத்தில் ஆய்வாளனுக்கு ஏடு கிடையாது. இருப்பது வாய்ப்பேச்சு மட்டும். 2011இல் வெளியான குடிமக்கள் ஆணைக்குழுவின் அறிக்கை வெளியேற்றத்தின் சாட்சியங்களைப் பதிவுசெய்தது பெரிய காரியம். ஆனால் ஊரில் எந்தப் பெண் என்ன பொறுப்பில் இருந்தாள் என்பதைத் தேடுவது அதன் வேலையல்ல.

வாய்ப்பேச்சில் கிடைப்பது என்ன? பழைய ஆட்களிடம் "அந்தக் காலத்தில பொம்புளையளுக்கு ஆர் தலைவி?" என்று கேட்டால் சிரிப்பார்கள். "தலைவியா? அப்படியொண்டும் இருக்கல்ல." கேள்வியை மாற்றிக் கேட்கவேண்டும். பிள்ளைப் பேற்றுக்கு யாரைக் கூப்பிடுவீர்கள்? மையித்தான பெண்ணைக் குளிப்பாட்ட யார் வருவார்? பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்தது யார்? சீட்டுப் பிடித்தது யார்? உடனே பெயர்கள் வந்து விழும், வீடு எந்தப் பக்கம் இருந்தது என்பதோடு. இந்த நான்கு பொறுப்புகளுக்கும் யாரும் யாரையும் முன்மொழிந்ததில்லை. ஒருத்தி தன் உம்மாவுக்குப் பக்கத்தில் நின்று பழகினாள், உம்மா மௌத்தானபின் சனம் அவளைத் தேடி வந்தது, அவ்வளவுதான். சீட்டுப் பிடிக்கிறவளுக்கு நம்பிக்கை ஒன்றுதான் முதலீடு. ஒரு தவணை பிசகினால் அடுத்த சீட்டுக்கு ஆள் சேராது. எந்த யாப்பும் எழுதாத கடுமையான கணக்காய்வு அது.

முன்மொழிவது, வழிமொழிவது என்ற முறை நமக்கு ஆங்கில ஆட்சியோடும் சங்க நடைமுறைகளோடும் வந்தது. 1911ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கூட்டுறவுக் கடன் சங்கக் கட்டளைச் சட்டத்துக்குப் பிறகு ஊருக்கு ஊர் தலைவர், செயலாளர், பொருளாளர் என்ற மூன்று நாற்காலிகள் முளைத்தன. பெண்கள் பக்கத்தில், 1930 அளவில் மருத்துவர் மேரி ரட்னம் தொடக்கிய லங்கா மகிளா சமிதி கிராமப் பெண்களுக்கான சங்கங்களைப் பரப்பியது. கனடாவில் பிறந்து யாழ்ப்பாணத் தமிழர் ஒருவரை மணந்து இலங்கைக்கு வந்தவர் அவர். இன்றைய மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கு அது ஒரு வகையில் பாட்டி முறை. ஒரு சின்ன வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். கூட்ட நடைமுறை பற்றி 1876இல் ஹென்றி ரொபேட் என்ற அமெரிக்கப் படையதிகாரி எழுதிய கைந்நூல்தான் பல சங்கங்களுக்கு வேதம்போல இருக்கிறது. அந்த முறைப்படி பதவிக்கு ஒரு பெயரைச் சொல்ல வழிமொழிபவரே தேவையில்லை. நம்மூரில் வழிமொழிபவர் இல்லாமல் தெரிவு நடந்தால் கூட்டமே செல்லாது என்று சண்டை வரும்.

அமெரிக்கா என்றதால் அங்கத்தைய 'சொரோரிட்டி'களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. கல்லூரி மாணவியர் சகோதரிகளாகச் சேர்ந்து அமைக்கும் சங்கங்கள் இவை. மூத்தது என்று சொல்லப்படுவது 1851இல் ஜோர்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரப் பெண்கள் கல்லூரியில் தொடங்கியது. கறுப்பினப் பெண்களுக்கான முதலாவது சங்கம் 1908இல் ஹவார்ட் பல்கலைக்கழகத்தில் உருவானது. இவற்றை நடத்துவது பெரும்பாலும் படித்து வெளியேறிப் பல வருடமான பழைய மாணவியர், சம்பளமில்லாமல். அவர்களில் யாரைப் பொறுப்புக்குக் கொண்டுவருவது என்பதற்கு ஒரு நியமனக் குழு இருக்கும். மாதக்கணக்கில் முன்னரே பெயர்களைக் கேட்டு வாங்கும், பெயர் சொல்லப்பட்டவளிடம் சம்மதம் கேட்கும், அதன்பிறகே பட்டியலைச் சபைக்குக் கொண்டுவரும். நமக்கு ஒவ்வாத சங்கதிகள் அந்தச் சங்கங்களில் நிறைய இருக்கலாம். அந்த ஒரு பழக்கம் மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது: முதலில் அவளிடம் கேட்கிறார்கள்.

பழைய மாணவியர் என்ற ஊற்று இருந்தால்தான் அதிலிருந்து மொள்ள முடியும். யாழ்ப்பாணத்துக்கு அந்த ஊற்று மிகப் பழையது. அமெரிக்க மிஷனரிகள் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கியது 1824இல். மேக்கன் கல்லூரிக்குப் பட்டயம் கிடைப்பதற்கும் பன்னிரண்டு வருடம் முந்தி. முஸ்லிம்களுக்கு அது தாமதமாகத்தான் கிடைத்தது. அறிஞர் சித்தி லெப்பை பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கண்டியில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கியபோது அதைத் தம் சகோதரியின் பொறுப்பில் விட்டார். தேடிப்பார்க்க நேரமில்லாதபோது வீட்டுக்குள்ளேயே ஆளைக் கண்டுபிடிப்பது நல்ல முன்மொழிவுதான். கொழும்பு முஸ்லிம் மகளிர் கல்லூரி 1946இல் வந்தது. அதன் முதல் அதிபர், மலபாரிலிருந்து வந்த ஆயிஷா ரவூப், பிறகு கொழும்பு மாநகர சபைக்கும் போனார், பிரதி மேயராகவும் இருந்தார். அந்தக் கல்லூரியின் அதிபராகப் பின்னாளில் இருந்த ஜெஸீமா இஸ்மாயில் முஸ்லிம் பெண்கள் அமைப்புகளைக் கட்டியெழுப்பியவர்களில் முன்னணியில் நின்றவர். ஒரு பாடசாலை இருந்தால் அதைச் சுற்றி ஆசிரியைகள், பழைய மாணவியர், அவர்களின் பிள்ளைகள் என்று ஒரு வட்டம் உருவாகும். பதவி வரும்போது கைநீட்ட ஓர் இடம் இருக்கும்.

நாச்சிக்குடாக் கரையில் அந்த வட்டம் உருவாகத் தொடங்கிய நேரத்தில் அதை அறுத்துவிட்டார்கள். எண்பதுகளில் படித்த பெண்பிள்ளைகள்தான் எங்கள் பக்கத்தின் முதலாவது பெரிய 'பழைய மாணவியர்' கூட்டம். ஆசிரியையாகவும் எழுதுவினைஞராகவும் வந்து ஊரில் நின்றிருக்கவேண்டியவர்கள், ஓலைக் கொட்டிலில் குடியிருந்து புத்தளத்து உப்பளத்திலும் வெங்காயத் தோட்டத்திலும் கூலிக்குப் போனார்கள்.

ஆனாலும் முகாம் வேறொரு கதவைத் திறந்தது. நிவாரண அட்டைக்குப் படிவம் நிரப்பவேண்டும். உதவிக்கு வந்த நிறுவனங்கள் "பெண்கள் குழு இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டன. வங்கிக் கணக்குத் திறக்க மூன்று கையெழுத்து வேண்டும். கிராமத்தில் கேட்கப்படாத இந்தக் கேள்விகளுக்கு முகாமில் ஒரே இரவில் ஆள் தேடவேண்டி வந்தது. ஒரு வாய்ப்பாடு தானாக உருவானது. வயதானவ, சண்டையை விலக்கக்கூடியவ, தலைவி. கையெழுத்துப் போடத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எட்டாம் வகுப்போ சாதாரண தரமோ படித்த இளம்பெண் செயலாளர். பொருளாளர் மட்டும் கொஞ்சம் சிக்கல். "ஆம்புள வீட்டில இருக்கிறவளா இருக்கணும்" என்பார்கள். காசு குறைந்தால் பதில் சொல்ல ஓர் ஆண் வேண்டுமாம். கணவனை இழந்தவர்கள் நிறைந்திருந்த இடத்தில் இந்த நிபந்தனை எத்தனை திறமைசாலிகளை ஓரத்தில் உட்காரவைத்தது என்று நினைத்துப்பாருங்கள்! இதைச் சொல்லவேண்டியவர்கள் சொல்லாமலும் இருக்கவில்லை. மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்ட ஜுவைரியா மொஹிதீன் போன்றவர்கள் புத்தளத்தில் முஸ்லிம் பெண்களுக்கென அமைப்பு நடத்தி, பெண் தன் பிரச்சினையைத் தானே பேசும் இடத்தை உண்டாக்கினார்கள்.

2009க்குப் பிறகு மீள்குடியேற்றம் வந்தது. இங்கேதான் எனக்கு ஆதங்கம் அதிகம். இருபது வருடம் முகாமில் கணக்கு எழுதி, அதிகாரிகளோடு வாதாடிப் பழகிய பெண்களில் பலர் பிள்ளைகளின் படிப்புக்காகவும், கட்டிய சின்ன வீட்டுக்காகவும் புத்தளத்திலேயே நின்றார்கள். பூநகரிக்கு வந்தவர்கள் காடு மண்டிய காணியைத் துப்புரவாக்கவே நேரமில்லாதவர்கள். கிராமச் சங்கமோ அங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும் உரியது. ஆக, அனுபவம் ஓர் ஊரில், பதவி இன்னோர் ஊரில். வாக்காளர் இடாப்பில் இதே சிக்கல் வந்தபோது நாடாளுமன்றம் 2013இல் விசேட ஏற்பாட்டுச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. இடம்பெயர்ந்தவர் சொந்த ஊரில் பதிய அது வழிவிட்டது. சங்கங்களின் யாப்பில் அப்படியொரு சன்னல் திறக்க யாரும் யோசிக்கவில்லை. பழைய மாணவியராக, ஆலோசகராக, கணக்குப் பார்ப்பவராக வெளியிலிருந்து உதவ ஒரு சின்னப் பிரிவு போதும்.

2018 பெப்ரவரி உள்ளூராட்சித் தேர்தல் இன்னொரு பாடம். பெண்களுக்கு 25 சதவீதம் என்ற சட்டத்தின்படி, வட்டாரப் பட்டியலில் குறைந்தது 10 சதவீதமும் மேலதிகப் பட்டியலில் பாதியும் பெண்களாக இருக்கவேண்டும். நியமனப் பத்திரத்துக்கு நாள் நெருங்கியதும் கட்சிக்காரர்கள் மாதர் சங்கத் தலைவிகளின் வாசலில் வந்து நின்றார்கள். சிலரிடம் அடையாள அட்டையின் பிரதி மட்டும் கேட்கப்பட்டது! அந்த ஒதுக்கீட்டை நான் குறை சொல்லவில்லை. இரண்டு சதவீதத்துக்குக் கிட்ட முடங்கிக்கிடந்த எண்ணிக்கை ஒரே தேர்தலில் இருபதைத் தாண்டியது சின்ன விஷயமல்ல. கேட்காமல் பெயர் போடும் பழக்கம் சங்கத்திலிருந்து சபைக்கும் ஏறிப்போனது என்பதைத்தான் சொல்கிறேன்.

"நம்ம மார்க்கத்தில் இதுக்கெல்லாம் முன்மாதிரி உண்டா?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு பத்திரத்தை நினைவூட்டலாம். உமர் (ரலி) அவர்கள் தமது நிலத்தை வக்ஃபு செய்து எழுதியபோது, தமக்குப் பின் அதன் நிர்வாகத்தைத் தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். அவருக்குப் பின் குடும்பத்தில் நல்ல யோசனை உடையவர் யாரோ அவரிடம் போகவேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அபூதாவூதின் தொகுப்பில் வரும் செய்தி இது. ஒன்றாகத் திரட்டப்பட்ட குர்ஆன் பிரதியும் உமர் (ரலி) அவர்களுக்குப் பின் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம்தான் இருந்தது. உஸ்மான் (ரலி) அவர்கள் பிரதி எடுப்பதற்கு அவரிடம் கேட்டு வாங்கினார்கள். நமது நாட்டில் 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்ஃபு சட்டத்தின் கீழ் நம்பிக்கையாளர் தெரிவு நடக்கும் ஜமாஅத் கூட்டங்களில் ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னால் சபை எப்படிப் பார்க்கும் என்று உங்களுக்கே தெரியும். காதி பதவிக்கோ 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் 'ஆண்' என்று எழுதியே வைத்திருக்கிறது.

பூநகரிக்குத் திரும்புவோம். இனி ஏதாவது செய்வதென்றால், முதல் வேலை பெயர்ப் பட்டியல். 1990க்கு முன் அந்தக் கரையில் படித்த பெண்கள் யார், இப்போது எங்கே என்று ஒரு கொப்பியில் எழுதவேண்டும். நான் கொஞ்சம் தொடங்கிப் பார்த்ததில் ஒரு தடை தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்கள் ஒரு பெண்ணை வாப்பாவின் பெயரோடு சொல்கிறார்கள். முகாம் பட்டியலில் அவள் கணவரின் பெயரோடு இருக்கிறாள். பள்ளிக்குக் கொடுத்த நன்கொடைப் பற்றுச்சீட்டில் சொந்தப் பெயரே இல்லை, 'இன்னாரின் மனைவி' மட்டும். மூன்றும் ஒருத்திதான் என்று சொல்லக்கூடிய மூத்த பெண்கள் நாச்சிக்குடாவில் சிலரும், புத்தளத்தில் சிலரும் இன்னும் இருக்கிறார்கள். எழுபதைத் தாண்டியவர்கள். எந்தச் சங்கத்திலும் பதவியில் இல்லாதவர்கள். அவர்களிடம் போகும்போது ஒரு நாள் முழுக்க ஒதுக்கிக்கொண்டு போகவேண்டும். தேத்தண்ணி குடிக்காமல் ஒரு பெயரும் சொல்லமாட்டார்கள்.