யாரும் கேட்காமல் பிறந்த 13 பாட்டு

ஜோசப் ஹைடன் 1761 மே 1 அன்று கையெழுத்திட்ட வேலை ஒப்பந்தத்தை இன்று படிக்கிறவர்களுக்கு, இது இசையமைப்பாளருக்கு எழுதியதா, அரண்மனைச் சேவகனுக்கு எழுதியதா என்ற சந்தேகம் வரும். வெள்ளைக் காலுறை, வெள்ளைச் சட்டை, பவுடர் பூசிய தலை என்று சீருடையில்தான் வர வேண்டும். காலையில் ஒரு தடவை, பிற்பகலில் ஒரு தடவை இளவரசரின் முன்னறையில் காத்து நின்று, இன்றைக்குக் கச்சேரி உண்டா என்று தெரிந்துகொள்ள வேண்டும். இளவரசர் எதைக் கேட்கிறாரோ அதை எழுத வேண்டும். எழுதியது அவருக்கே சொந்தம். வெளியாருக்குப் பிரதி கொடுக்கக் கூடாது. அனுமதி இல்லாமல் வேறு யாருக்கும் எழுதவும் கூடாது. இத்தனைக்கும் சம்பளம் ஆண்டுக்கு 400 புளோரின்.

அப்போது ஹைடனுக்கு வயது 29. வேலை கொடுத்தது ஹங்கேரியின் பெரும் பணக்காரக் குடும்பமான எஸ்டர்ஹாசி. அடுத்த ஆண்டே பட்டத்துக்கு வந்த இளவரசர் நிக்கோலஸுக்கு பாரிட்டன் என்ற நரம்பு வாத்தியத்தில் அப்படி ஒரு பித்து. வில்லாலும் இழைக்கலாம், பின்பக்கக் கம்பிகளைக் கட்டைவிரலால் மீட்டவும் செய்யலாம். அன்றைக்கே அதை வாசிப்பவர்கள் குறைவு. இளவரசர் ஒருவர் வாசிப்பதற்காக மட்டும் ஹைடன் 126 ட்ரையோ எழுதினார். அதுவும் போதவில்லை. பாரிட்டனுக்கு இன்னும் சுறுசுறுப்பாக எழுதும்படி 1765-ல் அவருக்கு எழுத்து மூலம் கண்டிப்பு வந்தது.

1779-ல் போட்ட புதிய ஒப்பந்தத்தில் கட்டுகள் தளர்ந்தன. வெளியாருக்கும் எழுதலாம், பதிப்பிக்கலாம் என்றானது. ஆனாலும் தொழிலின் போக்கு மாறவில்லை. யாரோ கேட்பார்கள், இவர் எழுதிக் கொடுப்பார். சிம்பனியானாலும், ஆபெராவானாலும், மாதா கோயில் பூசைக்கான இசையானாலும் பின்னால் ஒரு புரவலரோ பதிப்பாளரோ இருப்பார். இப்படி ஐம்பது ஆண்டுக் காலம் உழைத்த மனிதர் தம் அறுபதுகளில், யாரும் கேட்காமல், யாருக்கும் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லாமல் எழுதியவை 13 சின்னப் பாட்டுகள். மூன்று குரல்கள் சேர்ந்து பாட 4, நான்கு குரல்கள் சேர்ந்து பாட 9. பக்கத்தில் ஒரு பியானோ, அவ்வளவுதான். பார்ட்-சாங் என்று பாடகர் குழுக்கள் சொல்லும் வகையில், ஹைடனின் பங்கு இந்த ஒரு கைப்பிடி.

இவற்றின் விதை விழுந்த இடம் லண்டன் என்று இசை வரலாற்றாளர்கள் பலர் கருதுகிறார்கள். நிக்கோலஸ் 1790 செப்டம்பரில் காலமானார். அவருக்குப் பின் வந்த ஆன்டன் வாத்தியக் குழுவைக் கலைத்துவிட்டு, ஹைடனுக்கு வேலை இல்லாமலே சம்பளம் தொடர ஏற்பாடு செய்தார். லண்டனில் கச்சேரி நடத்திக்கொண்டிருந்த வயலின்காரர் சாலமன் விஷயம் கேள்விப்பட்டதும் வியன்னாவுக்கே வந்து, ஹைடனைக் கையோடு அழைத்துப் போனார். 1791-92, 1794-95 என்று இரண்டு முறை ஹைடன் அங்கே தங்கினார். புகழ்பெற்ற லண்டன் சிம்பனிகள் பன்னிரண்டும் இந்தப் பயணங்களின் பலன்.

கச்சேரி மேடைக்கு வெளியே அவர் கண்ட இங்கிலாந்து வேறு. அங்கே பெரிய மனிதர்கள் விருந்து முடிந்ததும் மதுக் கோப்பையோடு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு குரலை எடுத்துக்கொண்டு பாடுவார்கள். இந்த வகைப் பாட்டுக்கு கிளீ என்று பெயர். ஒருவர் தொடங்கியதை அடுத்தவர் துரத்திப் பிடிக்கிற வகை கேட்ச். இதற்கென்றே பிரபுக்களும் கனவான்களும் சேர்ந்து லண்டனில் ஒரு கேட்ச் கிளப் நடத்தினார்கள். ஹைடன் எஸ்டர்ஹாசியில் வேலைக்குச் சேர்ந்த அதே 1761-ல் தொடங்கிய கிளப் அது. இந்த மோகம் ஹைடனையும் விடவில்லை. அபிங்டன் பிரபு மெட்டமைத்த பன்னிரண்டு கேட்ச், கிளீ பாட்டுகளுக்கு அவர் துணை வாத்தியப் பகுதி எழுதிக் கொடுத்தார். அது 1795-ல் அச்சாயிற்று. பாத் நகரில் ராவுட்ஸீனி என்ற பாடகர் வீட்டில் 1794-ல் தங்கியிருந்தபோது, தோட்டத்தில் ஒரு நினைவுக்கல்லைப் பார்த்தார். செத்துப்போன டர்க் என்ற செல்ல நாய்க்கு எழுப்பிய கல் அது. அதில் பொறித்திருந்த சொற்களையே எடுத்து, ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாடும் நான்கு குரல் கானனாக்கிக் கொடுத்துவிட்டார்.

அதற்காக இந்த 13 பாட்டும் ஆங்கிலச் சரக்கின் நகல் என்று எண்ண வேண்டாம். கிளீ பெரும்பாலும் ஆண்கள் வாத்தியத் துணையின்றிப் பாடுவது. ஹைடன் பெண் குரலையும் சேர்த்தார், பியானோவைச் சேர்த்தார். பாட்டைத் தேர்ந்தெடுத்தது ஜெர்மன் கவிதையிலிருந்து.

அந்தக் கவிதைகள் அவர் வீட்டு அலமாரியிலேயே இருந்தன. பெர்லின் கவிஞர் கார்ல் வில்ஹெல்ம் ராம்லர் 1770-களில் தொகுத்த பெரிய கவிதைத் திரட்டு ஒன்றை ஹைடன் வைத்திருந்தார். லெஸிங், கிளைம், கோட்ஸ் என்று பலரின் கவிதைகள் அதில் உண்டு. பிறர் கவிதையைத் தம் இஷ்டத்துக்குத் திருத்துவதில் ராம்லர் பேர்போனவர். பாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்குச் சொல் கிடைத்தது இந்தத் திரட்டிலிருந்து. மீதியில் முக்கியமான கவிஞர் கெல்லர்ட். அறிவுரையும் பக்தியும் எளிய நடையில் எழுதியவர்; கவிதையில் கெல்லர்ட் எப்படியோ இசையில் ஹைடன் அப்படி என்று 1766-லேயே வியன்னா பத்திரிகை ஒன்று எழுதியிருந்தது.

எழுதிய காலம் 1796 முதல் 1799 வரை. இந்தக் காலத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 'படைப்பு' என்ற மாபெரும் ஆரட்டோரியோவை, அதாவது பாடகர்களும் வாத்தியக் குழுவும் சேர்ந்து நடிப்பின்றி நிகழ்த்தும் கதையிசையை, அவர் எழுதிக்கொண்டிருந்ததும் இதே ஆண்டுகளில்தான். ஃபான் ஸ்வீட்டன் என்ற பிரபு கொடுத்த பாடல் நூலை வைத்துக்கொண்டு, பிரபுக்கள் குழு ஒன்றின் ஆதரவில் எழுதிய படைப்பு அது. 1798 ஏப்ரல் 30 அன்று ஷ்வார்ட்ஸன்பெர்க் மாளிகையில் முதலில் அரங்கேறியது. எஸ்டர்ஹாசி குடும்ப வேலையும் முழுதாக விடவில்லை: ஆண்டுக்கு ஒரு பூசை இசை இளவரசியின் பெயர்நாளுக்குப் போக வேண்டும். பேரரசருக்கு வாழ்த்துப் பாடல் 1797 பிப்ரவரியில் ஆயிற்று. நான்கு நரம்பு வாத்தியங்களுக்கான குவார்ட்டட்டுகள் வேறு. இத்தனை ஆர்டர்களுக்கும் நடுவே, நேரம் வாய்த்தபோது கவிதைத் திரட்டைப் புரட்டி ஒரு பாட்டைப் பிடித்திருக்கிறார். இவை யாருடைய ஆர்டருக்காகவும் எழுதியவை அல்ல, மகிழ்ச்சியான வேளைகளில் ஆசைக்காக எழுதியவை என்ற செய்தியை நமக்கு விட்டுப்போனவர் கிரீஸிங்கர். ஹைடனின் கடைசி ஆண்டுகளில் அடிக்கடி வீட்டுக்கு வந்து போய், பின்னர் அவர் வாழ்க்கையை எழுதியவர் இவர்.

ஆசைக்கு எழுதியது என்பது பாட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். லெஸிங்கின் கவிதைக்கு எழுதிய பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மது குடித்தவன் நன்றாகப் பேசுகிறான், தண்ணீர் குடித்தவன் ஊமையாகிறான். நம்பாவிட்டால் மீனைப் பாருங்கள் என்பது கவிதையின் வாதம். நான்கு குரல்களும் ஒன்றை ஒன்று இடைமறித்து, திண்ணையில் நாலு பேர் வம்பளப்பதுபோல அடித்துப் பேசிக்கொண்டே போகும். மது என்றதும் குரல்கள் ஓடும். கடைசியில் ஊமை என்ற சொல் திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு முறையும் சத்தம் குறையும். முடிவில் பாடகர்கள் அந்தச் சொல்லை உதட்டால் மட்டும் சொல்லி நிறுத்துவார்கள். வாய் திறக்கிறது, சத்தம் வரவில்லை. நான்கு பேர் நான்கு மீன்களாக நிற்கிறார்கள். பாட்டைக் கேட்டால் மட்டும் போதாது, பார்க்கவும் வேண்டும்.

இன்னொரு பாட்டு தம்பதி ஒற்றுமையைப் பற்றியது. அடடா, என்ன பொருத்தம் என்று ஆரம்பிக்கும். அவனுக்குக் குடி பிடிக்கும், அவளுக்கும் பிடிக்கும். அவனுக்குச் சீட்டாட்டம் பிடிக்கும், அவளுக்கும் பிடிக்கும். பணப்பை தன் கையில் இருக்க வேண்டும், அதிகாரம் தனதாக இருக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. அவளுக்கும் அதே ஆசை! இதற்கு ஹைடன் போட்ட இசை இனிமையும் கிண்டலும் கலந்தது. எழுதியவரின் குடும்ப வாழ்க்கையை நினைத்தால் கிண்டலின் காரம் கூடும். 1760-ல் மரியா அன்னா கெல்லரை மணந்தார். பிள்ளை இல்லை, மன ஒற்றுமையும் இல்லை. கணவர் எழுதிய இசைத்தாள்களை அவர் தலைமுடி சுருட்டக் கிழித்துக்கொண்டார் என்று ஒரு கதை அன்றிலிருந்து உலவுகிறது. இந்தப் பாட்டு பிறந்தபோது அந்த அம்மாள் உயிரோடுதான் இருந்தார், 1800-ல் காலமானார்.

சிரிப்பு மட்டும் அல்ல. கெல்லர்ட் கவிதைக்கு எழுதிய மூன்று குரல் பாட்டில், இளைஞன் முதுமை வரை வாழ்வோம் என்று நம்புகிறான், நடுவயதுக்காரன் இன்னும் பல ஆண்டு நம்புகிறான், கிழவனும் இன்னும் ஓர் ஆண்டு கேட்கிறான். யாருக்கும் தம் தப்புக் கணக்கு தெரிவதில்லை. 'படைப்பு' போன்ற இசையில் கூட்டத்துக்காக உரக்கப் பேசிய மனிதர், இங்கே அறைக்குள் இருக்கும் சிலருக்குச் சொல்லும் குரலில் பேசுகிறார். வாழ்நாளெல்லாம் குவார்ட்டட் எழுதிய கை, ஒவ்வொரு குரலுக்கும் பேச விஷயம் கொடுக்கிறது. மேல்குரல் மெட்டைப் பாட மற்றவர்கள் ஒத்து ஊதும் வேலை இதில் இல்லை.

இப்படி இன்னும் பல எழுதும் எண்ணம் ஹைடனுக்கு இருந்தது. உடம்பு இடம் கொடுக்கவில்லை. 'பருவங்கள்' என்ற அடுத்த ஆரட்டோரியோ 1801-ல் அரங்கேறியபோது, அது தம்மை உறிஞ்சிவிட்டதாக அவரே சொல்லிக்கொள்ளும் நிலை. இருந்த 13 பாட்டுகளை லைப்ஸிக்கின் பிரைட்காப் உண்ட் ஹெர்ட்டல் நிறுவனம் 1803-ல் வெளியிட்டது. அதே ஆண்டு ஒரு குவார்ட்டட்டைத் தொடங்கி, நடுப்பகுதிகள் இரண்டை முடித்தார். அதற்குமேல் ஓடவில்லை.

அங்கேதான் பாட்டுகளில் ஒன்று எதிர்பாராத வேலைக்குப் போனது. கிளைமின் கவிதைக்கு எழுதிய 'கிழவர்' என்ற நான்கு குரல் பாட்டின் ஆரம்ப அடியைத் தம் விசிட்டிங் கார்டில் அச்சடித்துக்கொண்டார் ஹைடன். சுரக்குறிப்பு, அதன் கீழே சொல், அதன் கீழே அவர் பெயர். பலமெல்லாம் போயிற்று, மூப்பும் தளர்ச்சியும் வந்துவிட்டன என்பது அந்த அடியின் சாரம். புதிதாக எழுதித் தரக் கேட்டும் நலம் விசாரித்தும் வந்தவர்களுக்கு அந்த அட்டையே பதில். முடியாமல் நின்ற குவார்ட்டட்டை 1806-ல் ஒப்புஸ் 103 என்று அச்சிட்டபோது, இல்லாத பகுதிக்குப் பதிலாக இந்த அட்டையின் வரியைச் சேர்த்தார்கள். நண்பரும் பாதிரியாருமான ஷ்டாட்லர் அதே மெட்டை ஒரு கானனாக நீட்டி, உங்கள் பலம் போனாலும் அது படைத்தது நிலைக்கும் என்ற பொருளில் பதில் எழுதினார்.

அட்டையை மட்டும் தெரிந்தவர்கள் ஹைடன் நொந்துபோய்க் கிடந்தார் என்று முடிவு கட்டுகிறார்கள். முழுப் பாட்டையும் கேட்க வேண்டும். குடியும் கேலியும் இனி ருசிக்கவில்லை, கன்னத்தின் சிவப்பு போய்விட்டது, சாவு கதவைத் தட்டுகிறது என்று போகிற பாட்டு, அதற்கப்பால் திரும்புகிறது. கிழவர் பயப்படாமல் கதவைத் திறக்கிறார். தம் வாழ்க்கை ஓர் இசைவான பாட்டாக அமைந்ததற்கு வானத்துக்கு நன்றி சொல்கிறார். அட்டையில் இடம் பிடித்தது சோகம். பாட்டு முடிவது நன்றியில்.

ஹைடன் 1809 மே 31 அன்று, நெப்போலியன் படை பிடித்திருந்த வியன்னாவில் இறந்தார். அதே ஆண்டு பெர்லினில் ட்ஸெல்ட்டர் என்ற இசையமைப்பாளர் ஆண்களின் பாட்டுச் சபையான லீடர்டாஃபெலைத் தொடங்கினார். ஜெர்மன் ஊர்களில் அதே மாதிரிச் சபைகள் பெருகின. ஹைடனின் தம்பி மிஷேல் ஸால்ஸ்பர்க்கில் ஆண் குரல்களுக்கு எழுதிய பாட்டுகளும் இந்த வழியில் முன்னோடி. வியன்னாவிலேயே வளர்ந்த ஷூபர்ட் இவ்வகையில் நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டுகள் எழுதினார். வீட்டு அறையில் குரலுக்கு ஒருவராகப் பாட எழுதிய ஹைடனின் பாட்டுகளை, பெரிய குழுக்கள் எடுத்துக்கொண்டு மேடையேற்றின. இன்றும் அப்படித்தான் அதிகம் கேட்கிறோம்.

சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ் என்று பிரிந்து பாடத் தெரிந்த தேவாலயக் குழுக்கள் நம் ஊர்களில் நிறையவே உண்டு. கிறிஸ்துமஸ் கீதங்களோடு நின்றுவிடாமல் இவற்றில் ஒன்றை எடுத்துப் பழகிப் பார்க்கலாம். பெரிய குழு தேவையில்லை. நாலு பேரும் ஒரு பியானோவும் போதும். காப்புரிமை காலாவதியாகி வெகுகாலம் ஆகிறது. பக்திப் பாட்டு வேண்டுமென்றால் கெல்லர்ட்டின் மாலைத் துதி இருக்கிறது, சிரிக்க வேண்டுமென்றால் மீன் பாட்டு இருக்கிறது. ஹைடன் எத்தனை பெரிய தொழிலாளி என்று தெரிந்துகொள்ள அவருடைய சிம்பனிகளைக் கேளுங்கள். வேலை நேரம் முடிந்த பிறகு அந்த மனிதர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ள இந்த 13 பாட்டைக் கேளுங்கள்.